வேலையை விட்டு கவுன்சலிங் பக்கம் வரலாமா? மதுரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பல வருடம் ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்து, நாற்பதை நெருங்கும்போது இந்தத் துறைக்கு மாறினேன். அன்றிலிருந்து கல்யாண வீட்டுப் பந்தியிலும், பழைய அலுவலக நண்பர்களின் போனிலும் ஒரே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கீழே போட்டிருக்கிறேன். மதுரையையும் சுற்றியுள்ள ஊர்களையும் மனதில் வைத்து எழுதிய பதில்கள் இவை.

"கவுன்சிலர், சைக்காலஜிஸ்ட், சைக்கியாட்ரிஸ்ட், தெரபிஸ்ட்... எல்லாம் ஒண்ணுதானே?"

இல்லை. சைக்கியாட்ரிஸ்ட் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்பு படித்த டாக்டர். மாத்திரை எழுதுவது அவர். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மருந்து எழுத மாட்டார். சோதனைகள் வைத்து மதிப்பிடுவார், பேச்சு வழியாகச் சிகிச்சை தருவார். அந்தத் தொழிலைச் செய்ய இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும். பதிவில்லாமல் செய்தால் 1992-ம் ஆண்டுச் சட்டப்படி ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

கவுன்சிலர், சைக்கோதெரபிஸ்ட் என்ற பெயர்களுக்கு அப்படி ஒரு காவல் நெடுநாளாக இல்லை. இரண்டு நாள் வகுப்புக்குப் போனவரும் போர்டு வைக்கலாம், இருபது வருடம் உழைத்தவரும் வைக்கலாம் என்ற நிலைமை. 2021-ல் வந்த துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் இவர்களையும் ஒரு பதிவேட்டுக்குள் கொண்டுவரப் பார்க்கிறது. இப்போது படிக்கத் தொடங்குகிறவர்கள் அந்தப் பதிவு கிடைக்குமா என்று பார்த்துத்தான் படிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

"பேசுறதுக்கு எதுக்குக் காசு? எங்க வீட்டுப் பெரியவங்க சொல்லாத புத்திமதியா?"

புத்திமதி சொல்வது எங்கள் வேலையே இல்லை. வீட்டில் பெரியவர் பேசும்போது அவருக்கும் அந்த விஷயத்தில் ஒரு பங்கு இருக்கும்: சொத்து, மரியாதை, நாளைக்கு ஊர் என்ன பேசும் என்ற கவலை. எதிரே உட்கார்ந்திருக்கும் எனக்கு அந்தப் பங்கு எதுவும் கிடையாது. அந்த முக்கால் மணி நேரம் முழுக்க வந்தவருக்கு உரியது. அவர் சொன்னது அறையைத் தாண்டாது. இதற்கு மேல் முறைகள் இருக்கின்றன. உதாரணத்துக்கு, ஆரன் பெக் 1960-களில் உருவாக்கிய அறிவு-நடத்தைச் சிகிச்சையில், ஒருவர் தன்னைப் பற்றி மனதுக்குள் தானாகச் சொல்லிக்கொள்ளும் வாக்கியங்களை எழுதி வைத்து, அவை எவ்வளவு தூரம் உண்மை என்று இருவருமாகச் சேர்ந்து சோதித்துப் பார்ப்போம்.

"எல்லாரும் எங்கிட்டதான் வந்து கஷ்டத்தைச் சொல்வாங்க. அந்தத் திறமை போதாதா?"

நல்ல தொடக்கம். ஆனால் போதாது. அப்படிப்பட்டவர்களில் பலருக்கு ஒரு பழக்கம் உண்டு: எதிரே இருப்பவர் அழுதால் தாங்காது. உடனே "எல்லாம் சரியாப் போயிடும்" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். பயிற்சியில் முதலில் மறக்க வேண்டியது அந்த வாக்கியத்தைத்தான். மௌனத்தில் உட்கார்ந்திருப்பது, தனக்குப் பிடிக்காத ஆளையும் மதிப்போடு கேட்பது, இது நம் கையை மீறியது என்று உணர்ந்து டாக்டரிடம் அனுப்புவது எல்லாம் படித்து வருவதுதான்.

"நான் பி.காம். வயசு 38. இனிமே முடியுமா?"

முடியும். இந்தத் தொழிலில் வயது பாரமாக இருக்காது. கடன் கட்டியவர், பிள்ளையை பிளஸ் டூ எழுத வைத்தவர், அலுவலகத்தில் அவமானப்பட்டவர் என்றால் வருகிறவர் பாதி சொல்லும்போதே மீதி புரியும். (அதுவே ஆபத்தும்கூட. "எனக்கும் இப்படித்தான்" என்று நம் கதையை எடுத்துவிட்டால் போச்சு.)

சிக்கல் வழியில்தான். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆக முதுகலை சைக்காலஜிக்குப் பிறகு இரண்டு வருட எம்.ஃபில். என்பதுதான் பழைய பாதை. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2022-ல் எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்தியது; கிளினிக்கல் சைக்காலஜி போன்றவற்றுக்கு மட்டும் 2025-26 வரை சேர்க்கைக்கு அவகாசம் கொடுத்தது. அதன் இடத்தில் மறுவாழ்வு கவுன்சில் புதிய படிப்புகளைக் கொண்டுவந்துகொண்டிருக்கிறது. பாதை மாறிக்கொண்டிருக்கும் நேரம் இது. அதனால் பழைய மாணவர் சொன்னதை நம்பாமல், கவுன்சிலின் தளத்தில் அந்த வருட அறிவிப்பைப் படியுங்கள்.

பி.காம். காரருக்கு இன்னொரு வழி எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப் பணி முதுகலை. எந்தப் பட்டம் இருந்தாலும் சேரலாம். அதில் மருத்துவ, மனநலச் சமூகப் பணியைச் சிறப்புப் பாடமாக எடுத்தால் மருத்துவமனை, போதை மறுவாழ்வு மையம், பள்ளி என்று வேலைக்கு இடம் இருக்கிறது. அழகர்கோவில் சாலையில் உள்ள மதுரை சமூக அறிவியல் கல்லூரியில் இந்தப் படிப்பு பல காலமாக இருக்கிறது. மாறி வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த வழியைத்தான்.

"தபால் வழியில எம்.எஸ்சி. சைக்காலஜி போட்டுட்டா வேலையும் பாத்துக்கலாமே?"

நேற்று வரை பாதிப் பேர் அப்படித்தான் வந்தார்கள். அந்தக் கதவு மூடிவிட்டது. 2021 சட்டத்துக்குள் வரும் படிப்புகளில் தொலைதூர வழியிலோ ஆன்லைனிலோ புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாது என்று யுஜிசி 2025-ல் சொல்லிவிட்டது. அந்த வருடம் ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து நடைமுறை. சைக்காலஜி அந்தப் பட்டியலில் இருக்கிறது. இதற்குப் பிறகும் யாராவது சீட் தருகிறேன் என்று போன் செய்தால், முன்பணம் கட்டும் முன் எந்த உத்தரவின்படி என்று எழுத்தில் கேளுங்கள்.

"மூணு மாச டிப்ளமோ, வாட்ஸ்அப்ல வர்ற சர்டிபிகேட் கோர்ஸ் எல்லாம் எப்படி?"

நேரடிப் பயிற்சி இல்லாத கோர்ஸ் தகவலுக்கு உதவும், தொழிலுக்கு உதவாது. ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நான் உண்மையான ஆட்களோடு பேசும்போது என்னைக் கவனித்துத் திருத்த யார் இருக்கிறார்கள்?" இப்படிக் கவனித்துத் திருத்துவதைத்தான் சூப்பர்விஷன் என்கிறோம். பதில் வழவழவென்று வந்தால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

"அதான், சூப்பர்விஷன் சூப்பர்விஷன்னு சொல்றீங்களே, அது என்ன? மேனேஜர் மாதிரியா?"

அனுபவமுள்ள ஒரு தெரபிஸ்டிடம் வாரத்துக்கோ இரண்டு வாரத்துக்கோ ஒருமுறை போய், நாம் பார்ப்பவர்களைப் பற்றிப் பெயர் சொல்லாமல் பேசுவது. "அந்த இடத்தில் ஏன் பேச்சை மாற்றினீர்கள்?", "அந்த அம்மாவைப் பற்றிச் சொல்லும்போது உங்களுக்கு ஏன் கோபம் வருகிறது?" என்று கேட்பார். முதல் சில மாதம் தேர்வு ஹால் மாதிரி இருக்கும். பிறகு அதுதான் வாரத்திலேயே நிம்மதியான நேரம்.

இதற்குக் காசு ஆகும். மாறி வருகிறவர்கள் படிப்புச் செலவைக் கணக்குப் போட்டுவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள். சூப்பர்வைசர் மதுரையில் கிடைக்காவிட்டால் சென்னையிலோ பெங்களூரிலோ உள்ளவரிடம் வீடியோவில் செய்யலாம், அதில் குறை ஒன்றும் இல்லை. இது இல்லாமல் தனியாகத் தொழில் செய்வதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

"வேலையை உடனே விடணுமா? வீட்டுல ஒத்துக்க மாட்டேங்குறாங்க."

உடனே விடாதீர்கள். நேரடி வகுப்பு என்றால் ஒரு கட்டத்தில் விட்டுத்தான் ஆக வேண்டும், ஆனால் அதற்கு முன் ஒரு வருடம் எடுத்துக்கொள்ளுங்கள். மதுரையில் 1992-லிருந்து செல்லமுத்து அறக்கட்டளை மனநலப் பணி செய்துவருகிறது. அது போன்ற ஓர் இடத்தில் தன்னார்வலராக வேலை இருக்குமா என்று கேட்டுப் பாருங்கள். தீவிர மனநோய் உள்ளவர்களோடு நாள் முழுக்க இருந்து பார்த்தால், இது நமக்கு ஒத்துவருமா என்பது கல்லூரி விண்ணப்பம் வாங்குவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

வீட்டில் ஒத்துக்கொள்ளாததற்கு நியாயம் இருக்கிறது. படிக்கும் காலமும் அதற்குப் பின் ஒன்றிரண்டு வருடமும் வருமானம் நம்ப முடியாதது. "சேவை" என்று சொல்லி அவர்கள் வாயை அடைக்காதீர்கள். நோட்டை எடுத்து வைத்து, எந்த மாதம் எவ்வளவு குறையும் என்று எழுதிக் காட்டுங்கள்.

"ஒரு அமர்வுக்கு எவ்வளவு வாங்கலாம்? கஷ்டப்படுறவங்ககிட்ட வாங்குறது பாவமில்லையா?"

இதற்குப் பதில் நம் ஊரிலேயே இருக்கிறது. டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு, 58 வயதில், 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கட்ட முடிந்தவர் கட்டினார். அந்தப் பணத்தில் கட்ட முடியாதவருக்கும் அதே அறுவை சிகிச்சை நடந்தது. கண்ணுக்குச் சரிப்பட்டது மனதுக்கும் சரிப்படும். ஒரு வித்தியாசம்: அறுவை சிகிச்சையை வேகமாக்கி எண்ணிக்கையைக் கூட்ட முடியும், பேச்சை முடியாது. அதனால் நம் கணக்கு எப்போதும் இறுக்கமாகவே இருக்கும்.

ஓர் உதாரணக் கணக்கு. வாரம் 15 அமர்வு. 9 பேர் முழுக் கட்டணம் 800 ரூபாய், 4 பேர் 400, 2 பேர் 100 என்றால் வாரத்துக்கு 9,000, நான்கு வாரத்துக்கு 36,000. அறை வாடகை, கரண்ட், சூப்பர்விஷன் என்று 12,000 போனால் கையில் 24,000. இதில் பாதிக்கட்டணக்காரர்கள் நான்கு பேர் ஏழு பேராக ஆனால் என்ன ஆகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். எத்தனை சலுகை இடங்கள் என்பதை வருடத் தொடக்கத்திலேயே முடிவு செய்து வைத்துவிடுவது நல்லது. ஒவ்வொருவரின் முகத்தைப் பார்த்து முடிவு செய்தால் கூச்சப்படாமல் கேட்பவருக்கு மட்டும்தான் சலுகை போகும்.

"அப்போ முழுசா இலவசமாவே பண்ணிடலாமே?"

சம்பளமோ ஓய்வூதியமோ வேறு வழியில் வந்தால் பண்ணுங்கள். இல்லாவிட்டால் இரண்டு வருடத்தில் கடையை மூடுவீர்கள், நடுவில் விடப்பட்டவர்கள் கதி என்ன? அரசு வழியில் இலவசம் ஏற்கெனவே இருக்கிறது. அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு, மாவட்ட மனநலத் திட்டம், 14416 என்ற டெலி மனஸ் (தொலைபேசி வழி மனநல உதவி) எண். 2022 அக்டோபரில் தொடங்கிய அந்த எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. இவை எதுவும் தெரியாதவருக்குத் தெரியச் செய்வதும் நம் வேலையில் சேர்த்திதான்.

"ரூம் எங்க போடுறது? எங்க ஊர்ல யாராவது பாத்துட்டா 'லூசு டாக்டர்ட்ட போறான்'னு சொல்லிடுவாங்க."

கட்டணத்தைக் குறைத்தால் எல்லோரும் வந்துவிடுவார்கள் என்று நினைக்கிறோம். வராததற்கு முக்காலே மூணுவீசம் காரணம் நீங்கள் கேட்ட இதுதான். 2015-16-ல் பெங்களூரில் உள்ள மத்திய அரசின் மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வில், பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருந்தது. சிகிச்சை கிடைக்காதவர் பங்கு, நோயைப் பொறுத்து, 70 சதவீதத்துக்கு மேல்.

அதனால் அறையைத் தேடும்போது நம் வசதியை மறந்துவிடுங்கள். தனி வீட்டைவிட, பல் ஆஸ்பத்திரியும் ஜெராக்ஸ் கடையும் இருக்கும் கட்டடத்தின் மாடி நல்லது. எதற்கு ஏறுகிறார் என்று யாருக்கும் தெரியாது. போர்டில் பெயரும் படிப்பும் மட்டும் போதும். மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வருகிறவர் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கி நடக்கும் தூரமா என்று பாருங்கள். 2021 மே மாதத்திலிருந்து அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அந்த பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் அறை இருந்தால், கணவனிடம் காசு கேட்காமல் ஒரு பெண் வந்துபோக முடியும். இதை நான் கட்டணச் சலுகையைவிடப் பெரிதாக நினைக்கிறேன்.

நேரமும் அப்படித்தான். மாசி வீதிக் கடைகளில் நிற்பவருக்கு ராத்திரி கடை அடைத்த பிறகோ ஞாயிற்றுக்கிழமையோதான் தோதுப்படும். வீட்டிலிருக்கும் பெண்களுக்குப் பதினொன்றிலிருந்து மூன்று. பத்து மணி முதல் ஐந்து மணி வரை அறையைத் திறந்து வைத்துவிட்டு "மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்று சொல்லக் கூடாது. சித்திரைத் திருவிழா வாரத்தில் மட்டும் யாரும் வர மாட்டார்கள், நீங்களும் அழகரைப் பார்க்கப் போய்விடலாம்.

சுவர் மெல்லியதாக இருந்தால் கதவுக்கு வெளியே ஒரு டேபிள் ஃபேனை ஓடவிடுங்கள். கூட வந்த மாமியார் காதில் உள்ளே பேசுவது விழாது.

"போன்லயே பண்ணிட்டா ரூம் செலவே இல்லையே?"

சிலருக்கு அதுதான் ஒரே வழி, குறிப்பாக வெளியே விடப்படாதவர்களுக்கும் நடமாட முடியாதவர்களுக்கும். ஆனால் இரண்டு அறை வீட்டில் ஆறு பேர் இருக்கும்போது அவர் எங்கே நின்று பேசுவார்? மொட்டை மாடியில், அதுவும் துணி காயப்போடும் சாக்கில். முதல் அழைப்பிலேயே "பேச முடியாத நிலை வந்தால் என்ன வார்த்தை சொல்லி வைப்பீர்கள்" என்று ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். அவர் இருக்கும் இடத்தின் முகவரியும் அவசரத்துக்கு ஒருவர் எண்ணும் கையில் இருக்க வேண்டும்.

"முதல்ல கோயில், தர்கான்னு போயிட்டுத்தான் வர்றாங்க. அதை நிறுத்தச் சொல்லணுமா?"

வேண்டாம். பாண்டி கோயிலுக்குப் போனதால் ஒரு குடும்பத்துக்குத் தைரியம் வந்தால் அதைப் பிடுங்குவதில் எனக்கு என்ன லாபம்? "சாமி கும்பிடுங்க, மாத்திரையையும் விடாதீங்க, வாரம் ஒருக்கா இங்கயும் வாங்க" என்றால் கேட்கிறார்கள்.

கட்டிப்போடுவது, அடிப்பது, பட்டினி போடுவது என்று போனால் அங்கே சமரசம் இல்லை. ராமநாதபுரம் மாவட்டத்தில், ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 அன்று கொட்டகையில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் மனநோயுள்ளவரை எந்த விதத்திலும் சங்கிலியில் கட்டக் கூடாது என்று சொல்கிறது. குடும்பத்துக்கு இதை மிரட்டலாக இல்லாமல் தகவலாகச் சொல்லுங்கள். கட்டிப்போடும் குடும்பம் பெரும்பாலும் வேறு வழி தெரியாத குடும்பம்தான்.

"சாகணும்னு ஒருத்தர் சொன்னா என்ன செய்றது? பயமா இருக்கு."

நேராகக் கேளுங்கள்: "உயிரை விட்டுடலாம்னு நினைக்கிறீங்களா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. பலருக்குச் சொல்ல ஓர் ஆள் கிடைத்த ஆறுதல்தான் வரும். ஆபத்து நெருக்கமாக இருந்தால் தனியே அனுப்பாதீர்கள். அவருக்குத் தெரியச் சொல்லிவிட்டு குடும்பத்தில் ஒருவரை வரவழையுங்கள், வீட்டில் பூச்சிமருந்து மாதிரி எதுவும் கைக்கெட்டாமல் அப்புறப்படுத்தச் சொல்லுங்கள், மனநல மருத்துவரிடம் அன்றைக்கே அனுப்புங்கள். இரவு நேரத்துக்கு 14416, 104 எண்களை எழுதிக் கொடுங்கள். இதைப் படிக்கும் உங்களுக்கே அந்த எண்ணம் இருந்தால், அந்த எண்கள் உங்களுக்கும்தான்.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று ஆஸ்பத்திரிக்கே போகாத குடும்பங்கள் உண்டு. 2017 சட்டத்தின் 115-ம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. இதைத் தெளிவாகச் சொன்னாலே பலர் கிளம்பிவிடுவார்கள்.

"புருஷன் வந்து 'அவ என்ன சொன்னா'ன்னு கேட்டா? கட்டணம் அவர்தானே கட்டுறார்?"

யார் கட்டினாலும் பேச்சு பேசியவருடையது. இதை முதல் நாள், இருவரையும் வைத்துக்கொண்டு, காசு வாங்கும் முன் சொல்லிவிடுங்கள். விலக்குகளையும் அப்போதே சொல்ல வேண்டும். ஒன்று மேலே சொன்ன உயிர் ஆபத்து. இன்னொன்று குழந்தைகள் மீதான பாலியல் குற்றம். 2012 போக்சோ சட்டத்தின் 19-ம் பிரிவுப்படி தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும், மறைத்தால் நமக்கே தண்டனை உண்டு. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று ஒரு பிள்ளைக்கு வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு மீறுவது கொடுமை, அதனால் அந்த வாக்கையே கொடுக்காதீர்கள்.

"பொண்ணு வேற சாதிப் பையனை விரும்புது, பேசி மனசை மாத்தி விடுங்கன்னு பெத்தவங்க கூட்டிட்டு வந்தா?"

இந்தப் பக்கத்தில் தொழில் செய்தால் இது வந்தே தீரும். பெண்ணுக்கு 18 முடிந்திருந்தால், மனதை மாற்றித் தரும் வேலையை நான் எடுப்பதில்லை என்று பெற்றவர்களிடம் நேராகச் சொல்லிவிடுவேன். அந்தப் பெண்ணிடம் தனியாக ஒரே ஒரு கேள்வி: "வீட்டில் உங்களுக்கு ஆபத்து இருக்கிறதா?" ஆம் என்றால் அதற்குப் பிறகு அது கவுன்சலிங் விஷயம் இல்லை, பாதுகாப்பு விஷயம். பெண்களுக்கான 181 எண்ணை அவர் நினைவில் வைத்துக்கொள்ளும்படி சொல்வேன். எழுதிக் கொடுக்க மாட்டேன், பையைச் சோதிப்பார்கள்.

பெற்றவர்களை அப்படியே அனுப்பிவிடவும் கூடாது. அந்த அப்பாவுக்குச் சொந்தபந்தத்தின் முன் தலை குனிய வேண்டிவரும் என்ற பயம் நிஜமானது. அதைப் பற்றி அவர் பேச விரும்பினால் அவருக்கென்று ஒரு நேரம் தருகிறேன் என்பேன். சிலர் எழுந்து போய்விடுவார்கள், "நீங்க எந்த ஊரு, எந்த ஆளுக" என்று வாசலில் நின்று கேட்டுவிட்டு. அதற்கு நான் பதில் சொல்வதில்லை. சொன்னால் ஒரு பாதிப் பேர் இனி வர மாட்டார்கள், இன்னொரு பாதிப் பேர் அதற்காகவே வருவார்கள். சிலர் மறுவாரம் திரும்பி வருகிறார்கள், அம்மா மட்டும், அந்த டவுன் பஸ்ஸில்.